அயலவரின் நாயும் கமக்காரரின் தோட்டமும்

நாய் நன்றியுள்ள பிராணி என்பதை யாவரும் அறிவர். இரவிற் காவற்கொட்டிலிற் படுத்திருக்கும் கமக்காரருக்கு அதுவே துணை. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் பயிரை அணுகும்போது முதலில் அறிந்து குரல் கொடுப்பதும் அதுவே. களத்திற் குவித்த நெல்லுக்கும், கொட்டிலிற் கட்டிய மாட்டுக்கும், கிணற்றடியில் விட்டுவந்த நீரிறைக்கும் யந்திரத்துக்கும் அது காவல். ஆகையாற் கமக்காரர் வாழும் ஊர்களில் நாயில்லாத வீடு அரிது.

எனினும், கட்டுப்பாடின்றித் திரியவிடப்படும் நாய் தன் வீட்டாருக்கு எவ்வளவு உதவியோ, அயலவருக்கு அவ்வளவு உபத்திரவம். வீட்டார் அதனை வாலாட்டும் பிராணியாகவே காண்கின்றனர். வேலிக்கு அப்பால் அது செய்யும் வேலை அவர்கள் கண்ணிற் படுவதில்லை. பெரும்பாலான சச்சரவுகளுக்கு இதுவே மூலகாரணம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் பகுதியில், ஒரே வேலியின் இருபுறமும் வாழும் இரு கமக்காரரை எடுத்துக்காட்டாக எண்ணிக்கொள்வோம். அவருள் ஒருவர் மிளகாய் நாற்றுமேடை இட்டிருக்கிறார். நாற்றுக்கு இருபத்தைந்து நாள் வயது. இன்னும் ஒரு கிழமையிற் பிடுங்கி நடலாம். தறையும் பண்படுத்தப்பட்டு, எருவும் இடப்பட்டு ஆயத்தமாயிருக்கிறது. ஒருநாள் விடியற்காலையில் அவர் தோட்டத்துக்குச் செல்கிறார். மேடையின் நடுவே முழங்கையளவு ஆழத்தில் ஒரு குழி. நாற்றுக்கள் வேரோடு சரிந்து வாடிக் கிடக்கின்றன. ஈரமண்ணிற் பதிந்த காலடிகள் வேலியிலுள்ள பொட்டுவரை செல்கின்றன. பொட்டுக்கு அப்பால் அடுத்த வீட்டு நாய் நிழலிற் படுத்திருக்கிறது.

அந்த வேளையில் அவர் முன்னே மூன்று வழிகள் உள்ளன. வேலிக்கு மேலால் உரத்துப் பேசிச் சண்டையிடலாம். கொட்டிலிலிருக்கும் கிருமிநாசினியை மீனிற் கலந்து வேலியோரம் வைக்கலாம். அல்லது, சினம் ஆறியபின் அயலவரிடம் சென்று முறையாகப் பேசித் தீர்க்கலாம். முதலிரண்டும் எளியவை, அவற்றின் விளைவுகளோ நெடுங்காலம் நீடிப்பவை. மூன்றாவது வழியைச் செவ்வனே மேற்கொள்வது எங்ஙனம் என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

நாயினால் உண்டாகும் நட்டங்கள்

நாயினால் வரும் நட்டம் மாட்டினால் வரும் நட்டம்போற் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. கட்டாக்காலி மாடு ஒரு பாத்தியை மேய்ந்தால் உடனே தெரியும். நாய் பயிரைத் தின்பதில்லை. கிளறியும் மிதித்தும் படுத்துமே அழிக்கின்றது.

மரக்கறித் தோட்டங்களில் நாற்றுமேடைகளும் புதிதாக நட்ட பாத்திகளுமே அதிகம் பாதிக்கப்படுகின்றன. மிளகாய் நாற்று நடுதற்கு நான்கு அல்லது ஐந்து கிழமை வேண்டும். முதிர்ந்த நாற்றுமேடை அழிந்தால் விதையின் விலை மாத்திரமன்று, அந்த நான்கு கிழமையும் இழக்கப்படுகின்றது. பருவம் பிந்திய பயிர் நோய்க்கும் மழைக்கும் அகப்படும். சந்தையில் விலை குறைந்த நாளிற் காய்க்கும். வெங்காயப் பாத்திகளில் நட்ட காய்களை நாய் கிளறி வெளியே எறிந்துவிடுகின்றது. இறைத்த பாத்தியின் குளிர்ச்சியை நாடி நண்பகலில் அது படுத்துப் புரளுவதால், முளைத்த தாள்கள் முறிந்துபோகின்றன.

நெல்வயல்களில் வேறொரு வகையான நட்டம் உண்டாகின்றது. வரம்பிலுள்ள எலிவளைகளை நாய்கள் மோப்பம் பிடித்துத் தோண்டுகின்றன. எலியைப் பிடிப்பது நன்றே என்று கமக்காரர் கருதலாம். ஆனால் தோண்டிய வரம்பு நீரைத் தாங்காது. இரவோடிரவாக நீர் வடிந்து அடுத்த வயலுக்குச் செல்லும். இட்ட பசளையும் அதனோடு செல்லும். அதனால் நீர்ப்பங்கீட்டுச் சச்சரவு ஒன்றும் புதிதாகத் தோன்றும்.

கோழி, ஆடு வளர்ப்போர் அடையும் நட்டம் இவற்றினும் பெரிது. தனித்துத் திரியும் நாய் கோழியைத் துரத்துவதோடு நின்றுவிடக்கூடும். மூன்று நான்கு நாய்கள் கூட்டாகச் சேருமிடத்து அவற்றின் இயல்பு மாறிவிடுகின்றது. வீட்டிற் சாதுவாயிருக்கும் நாயும் கூட்டத்தோடு சேர்ந்து ஆட்டுக்குட்டியைக் கடித்துக் குதறும். பெண்நாய்கள் இணைசேரும் காலங்களில் இத்தகைய கூட்டங்கள் பெருகுகின்றன.

மேலும், நாயின் மலத்தில் வட்டப்புழுவின் முட்டைகள் இருத்தல் கூடும். அவை மண்ணில் நெடுநாள் அழியாது கிடந்து, கீரை முதலிய இலைமரக்கறிகள் வாயிலாக மனிதர் உடலைச் சேரலாம். சிறுபிள்ளைகளுக்கு இதனாற் கேடு அதிகம். சந்தைக்குக் கீரை கொண்டுசெல்லும் கமக்காரர் தம் பாத்திகளில் நாய் மலங்கழிக்காது பார்த்துக்கொள்ளுதல் உண்பவர்க்குச் செய்யும் கடமையாகும்.

நாய் தோட்டத்தை நாடுவதன் காரணம்

காரணத்தை அறிந்தாற் பரிகாரம் எளிதாகும். நாய் பகைகொண்டு தோட்டத்துக்கு வருவதில்லை. அது மூன்றனை நாடி வருகின்றது: உணவு, குளிர்ச்சி, துணை.

மீன்கழிவு, எலும்புத்தூள், கோழியெரு முதலியவற்றை மேலாகத் தூவிய பாத்தியை நாய் தொலைவிலிருந்தே மோப்பத்தால் அறிந்துகொள்ளும். இவற்றைப் பாவிக்கும் கமக்காரர் நன்கு மக்கிய பின்னரே இடுதல் வேண்டும். மீன்கழிவை அரையடிக்குக் குறையாத ஆழத்திற் புதைத்து மண்ணை மிதித்து இறுக்குதல் வேண்டும். கோழி உரித்த கழிவுகளையும் சமையற் கழிவுகளையும் வேலியோரத்தில் எறிதல் கூடாது. அயலவரின் நாயைத் தம் தோட்டத்துக்கு அழைப்பவர் பலவேளைகளிற் தோட்டக்காரரே என்பதை மறத்தலாகாது.

மென்மையாகக் கொத்திய ஈரமண் நாய்க்குப் படுக்கையாகும். நாற்றுமேடைகளின்மேல் முட்கிளைகளைப் பரப்பினால், அல்லது அரையடி உயரத்தில் தடிகளை நட்டுப் பழைய மீன்வலையை இழுத்துக் கட்டினால், நாய் மேடையில் ஏறாது. வலை தளர்ந்து தொங்காதவாறு நாற்புறமும் முளையடித்து இறுக்குதல் அவசியம். தளர்ந்த வலையில் ஓணானும் பறவையும் சிக்கி இறக்கும்.

முதலில் வேலி

அயலவரிடம் செல்லுமுன் தன் வேலியைச் சுற்றிப் பார்த்து வருதல் முறையாகும். பொட்டுள்ள வேலியை வைத்துக்கொண்டு நாயைக் குறைகூறுவோர் சொல் எடுபடாது.

நாய் வேலியைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை, அடியால் நுழைகின்றது. ஆகவே வேலியின் மேற்பாகத்தினும் அடிப்பாகமே வலுவாயிருத்தல் வேண்டும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை மாரிமழையோடு நெருக்கமாக நட்டு வளர்த்தால் உயிர்வேலி உண்டாகும். கதியால்களுக்கிடையே நிலத்திலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பனங்கருக்குமட்டையை நெருக்கி வரிந்து கட்டுதல் நன்று. மட்டையின் அடி அரையடி ஆழமான கானிற் புதைந்திருத்தல் வேண்டும். அதற்குமேல் பனையோலையோ கிடுகோ போதும். முட்கம்பி வேலியாயின் அடியில் இரண்டு கம்பிகளை நெருக்கமாக இழுத்து, உடைமுள்ளைப் பரப்பி வைக்கலாம்.

புதிதாக உண்டாகும் பொட்டுக்களை அன்றன்றே அடைத்துவிடுதல் வேண்டும். நாய் ஒருமுறை பழகிய வழியை எளிதில் மறவாது. கிழமைக்கு ஒருநாள் வேலியைச் சுற்றிவரும் வழக்கம் பல நட்டங்களைத் தவிர்க்கும்.

கோழிகளை மாலையிற் கூட்டிலடைத்தல் வேண்டும். கூடு நிலத்திலிருந்து உயர்ந்து, கதவு தாழிடக்கூடியதாய் இருத்தல் நன்று. குஞ்சுகளைப் பகலிலும் கூடையாற் கவிழ்த்து மூடி வைத்தல் பாதுகாப்பு. ஆட்டுக்கொட்டிலின் அடிவரியில் நாய் தலை நுழையும் அளவு இடைவெளி இருத்தல் ஆகாது.

அயலவருடன் பேசும் முறை

வேலி திருந்திய பின்னரும் நாய் வருமாயின் அயலவருடன் பேசுதல் வேண்டும். இதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு.

முதலாவது, சினம் மிகுந்த வேளையிற் பேசலாகாது. நட்டம் கண்ட அன்று காலையிற் பேசுவதிலும், அன்று மாலையோ மறுநாளோ பேசுவது சிறந்தது. இரண்டாவது, தெருவிலோ கோயில் வீதியிலோ பிறர் முன்னிலையிற் பேசலாகாது. பலர் காணத் தலைகுனிந்தவர் தம் குற்றத்தை ஒப்புக்கொள்ள மாட்டார். அவருடைய வீட்டுக்குச் சென்று, திண்ணையில் அமர்ந்து பேசுதல் நம் நாட்டு வழக்கம். மூன்றாவது, வாயாற் சொல்வதைவிடக் கண்ணாற் காட்டுதல் பயன் தரும். "அண்ணை, ஒருக்கால் தோட்டப்பக்கம் வந்து பாருங்கோ" என்று அழைத்துச் சென்று, சரிந்த நாற்றையும் காலடிகளையும் காட்டினால், நாய்க்காரர் தம் நாய் செய்ததைத் தாமே காண்பார். அவரும் கமக்காரராயின், நாற்றழிந்த மேடையைப் பார்த்தபின் மறுத்துப் பேச மனம் வராது.

நாலாவது, கேட்பது இன்னதென்று தெளிவாயிருத்தல் வேண்டும். "நாயைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுப்படச் சொன்னால் அது பொதுப்படவே மறக்கப்படும். "நாற்று நடும்வரை, வருகிற இரண்டு கிழமைக்கு இரவிற் கட்டி வையுங்கள், இந்தப் பொட்டை இருவருமாகச் சேர்ந்து அடைப்போம்" என்று கேட்டால், செய்யக்கூடியதும் எல்லையுள்ளதுமாக அது அமையும். நட்டஈடு கேட்பதாயின் பணமாகவன்றிப் பொருளாகவோ உழைப்பாகவோ கேட்பது நல்லுறவைக் காக்கும். இழந்த வெங்காயத்துக்கு ஈடாக விதை வெங்காயம், அழிந்த நாற்றுக்கு ஈடாக அவருடைய மேடையில் எஞ்சிய நாற்று, அல்லது மீண்டும் நடுதற்கு ஒருநாள் ஆள்வேலை என்பன கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் கௌரவக் குறைவு ஆகா.

முதன்முறை பேசியது பயனளிக்காவிடின், நட்டம் உண்டான திகதி, நேரம், அழிந்த பயிரின் அளவு ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வருதல் நன்று. பின்னர் இருவராலும் மதிக்கப்படும் உறவினர் அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவரை உடனழைத்துச் சென்று பேசலாம். குறிப்பில் உள்ளதை எவரும் இலகுவில் மறுத்துரைத்தல் இயலாது.

நஞ்சு வைத்தல் தகாது

சிலர் இவ்வளவு பொறுமை கொள்வதில்லை. கிருமிநாசினி கலந்த இறைச்சியையோ மீனையோ வேலியோரம் வைத்துவிடுகின்றனர். இச்செயல் எந்நிலையிலும் செய்யத்தகாதது. அதற்குரிய காரணங்களை ஆராய்வோம்.

நஞ்சுக்கு ஆள் தெரியாது. குற்றஞ்செய்த நாய் மாத்திரம் அதனைத் தின்னும் என்பதற்கு உறுதி இல்லை. காகம் அதனைக் கொத்திக்கொண்டு சென்று மூடாத கிணற்றிலோ முற்றத்திலோ போடலாம். கோழி தின்னலாம். தவழும் குழந்தை எடுத்து வாயில் வைக்கலாம். செம்மண் பகுதியில் நிலத்தடி நீரே குடிநீரும் இறைப்பு நீரும் ஆதலால், நஞ்சை நிலத்திற் சிந்துவது தன் கிணற்றிலேயே சிந்துவதாகும்.

சட்டமும் இதனை ஒறுக்கின்றது. 1907 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் பிராணிகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கியுள்ளது. பிறருடைய பிராணியைக் கொல்லுதலும் அங்கவீனப்படுத்துதலும் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றங்களாகும். நட்டமடைந்து நியாயம் கேட்கவேண்டிய கமக்காரர், நஞ்சு வைத்தவுடன் தாமே எதிரியாக நிற்கவேண்டியவர் ஆகின்றார். வேலியில் மின்சாரம் பாய்ச்சுதலும், கட்டுத்துவக்கு வைத்தலும் இதனினும் கொடியவை. இவற்றால் விடியற்காலையில் நீர் பார்க்கச் சென்ற மனிதர் இறக்க நேரிடும்.

எல்லாவற்றிலும் பெரிய நட்டம் வேறு. நஞ்சு வைத்தவர் யாரென்று ஊர் அறியாமற் போகாது. இறைப்புக்குக் கூடமாட ஒத்தாசை செய்தவரும், அறுவடைக்கு ஆள் தந்தவரும், நள்ளிரவிற் பாம்பு கடித்தால் வாகனம் பிடித்துவர ஓடியவரும் அதே அயலவரே. ஒரு நாயின் பொருட்டு அந்த உறவு முறியுமாயின், முறிந்த வேலியை அடைப்பதுபோல் அதனை மீண்டும் அடைத்தல் எளிதன்று.

நாய் வளர்ப்போரின் கடமை

ஒருவருடைய நாய் மற்றவருக்கு அயலவரின் நாயே. ஆகவே மேற்கூறிய குறைகளை வாசிக்கும் கமக்காரர் ஒவ்வொருவரும் தம் வீட்டு நாயையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாய்க்கு ஒழுங்காக உணவிடுதல் வேண்டும். பசித்த நாயே முட்டை திருடவும் எரு கிளறவும் செல்கின்றது. நாள் முழுவதும் குறுஞ்சங்கிலியிற் கட்டிய நாய் மூர்க்கங்கொள்ளும். அதற்குப் பதிலாக, இரண்டு மரங்களுக்கிடையே உறுதியான கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையத்தை ஓடவிட்டு, சங்கிலியை அவ்வளையத்திற் பூட்டினால், நாய் கம்பியின் நீளத்துக்கு நடமாடும். நிழலும் நீரும் அவ்விடத்தில் இருத்தல் வேண்டும். அடைப்புள்ள வளவாயின் இரவில் வளவினுள்ளே அவிழ்த்துவிடலாம். படலையைச் சாத்துதல் மறக்கலாகாது.

பெண்நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை இணைசேரும் நிலையை அடையும். ஏறக்குறைய 63 நாட் சினைக்குப் பின் ஓரீற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள்வரை ஈனுதல் சாதாரணம். அவற்றுட் பெண்குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விட்டுவரும் வழக்கம் நம்மிடையே உண்டு. கொல்லவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோர், அக்குட்டிகளிற் பிழைத்தவையே அடுத்த ஆண்டில் ஆட்டுப்பட்டியைச் சூழும் கூட்டமாகின்றன என்பதை எண்ணுவதில்லை. கருத்தடைச் சத்திரசிகிச்சையே இதற்குரிய நிலையான பரிகாரம். அரசாங்கக் கால்நடை வைத்திய அதிகாரியிடம் இதுபற்றி விசாரித்து அறியலாம்.

விசர்நோய்

நாற்று அழிந்தால் மீண்டும் விதைக்கலாம். ஆடு இறந்தால் மற்றொன்று வாங்கலாம். திரியும் நாயினால் வரும் கேடுகளில் மீட்க முடியாத ஒன்று உண்டு. அதுவே விசர்நோய் எனவும் நீர்வெறுப்பு நோய் எனவும் கூறப்படுவது.

இந்நோய்க் கிருமி நோயுற்ற பிராணியின் உமிழ்நீரில் உள்ளது. கடியின் மூலமும், புண்ணிலோ கண், வாய் முதலிய மென்தோற் பகுதிகளிலோ உமிழ்நீர் படுவதன் மூலமும் தொற்றும். பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதங்களில் நோய் வெளிப்படும். சிலரிடம் ஓராண்டுக்கு மேலும் சென்றதுண்டு. நோய்க்குறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. ஆனால் குறிகள் தோன்றுமுன் சிகிச்சை பெற்றால் நோயை முற்றாகத் தடுக்கலாம். 1885 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர், விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தடுப்பூசி ஏற்றி அவனைக் காத்ததிலிருந்து இவ்வுண்மை உலகறிந்ததாயிற்று.

இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் வேலை விரிவடைந்தமையாலும், கடிபட்டோர் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லும் வழக்கம் பெருகியமையாலும், அண்மை ஆண்டுகளில் இத்தொகை ஐம்பதிலும் குறைந்துள்ளது. எனினும் ஒருவரேனும் இந்நோயால் இறத்தல் தவிர்க்கக்கூடிய இழப்பே.

குரைக்கிற நாய் கடிக்காது என்பது பழமொழி. விசர்கொண்ட நாய் குரையாமலே கடிக்கும். பழகிய நாய் திடீரென இயல்பு மாறி, காரணமின்றிக் கண்டதைக் கடித்தல், இலக்கின்றி ஓடுதல், குரல் மாறுதல், வாயில் நீரொழுகுதல் என்பன ஒருவகைக் குறிகள். வேறு சில நாய்கள் மூர்க்கங்கொள்ளாது இருட்டில் ஒதுங்கி, கீழ்த்தாடை தொங்க, விழுங்க இயலாது சோர்ந்து கிடக்கும். இத்தகைய நாயின் தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணி வாயினுட் கைவிடுவோர் ஆபத்துக்குள்ளாகின்றனர்.

கமக்காரர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது மாடுகளைப் பற்றியதாகும். விசர்நாய் கடித்த மாட்டுக்கும் இந்நோய் வரும். மாடு ஓயாது கதறுதல், வாயில் நீரொழுகுதல், தீன் விழுங்க இயலாமை என்பன அதன் குறிகள். பனங்கொட்டையோ கயிறோ தொண்டையிற் சிக்கியிருக்கும் என்று எண்ணிக் கையை விட்டுப் பார்த்தல் கூடாது. மாட்டைத் தனியே கட்டி, கால்நடை வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். அதன் பாலைப் பாவித்தலும் ஆகாது.

தடுப்பூசி ஏற்றிய நாய் விசர்நோயிலிருந்து பாதுகாப்புப் பெறுகின்றது. ஆண்டுதோறும் ஊசி ஏற்றி, அதற்குரிய அட்டையைப் பத்திரமாக வைத்தல் வேண்டும். குட்டிக்கு முதல் ஊசி ஏற்ற வேண்டிய வயதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கால்நடை வைத்தியரிடமோ கேட்டறியலாம்.

நாய் கடித்தாற் செய்யவேண்டியவை

1. கடிவாயைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் நன்கு கழுவுக. கிணற்றடியில் இறைப்பு நீர் பாயுமாயின் அதுவே போதும். உயிர் காக்கும் முதல் உதவி இதுவேயாகும்.

2. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், மண்ணெண்ணெய் முதலியவற்றைப் பூசலாகாது. புண்ணை இறுக்கிக் கட்டலாகாது.

3. அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுக. அங்கு இதற்குரிய சிகிச்சை இலவசமாகவே அளிக்கப்படுகின்றது. சிறு கீறல் என்று அலட்சியஞ் செய்தலும், ஓதிய நீரையும் பச்சிலையையும் மாத்திரம் நம்பி நாளைக் கடத்துதலும் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

4. வைத்தியர் குறித்த நாட்களில் எல்லா ஊசிகளையும் தவறாது ஏற்றிக்கொள்ளுக. அறுவடை, இறைப்பு என்று ஓர் ஊசியையும் தவறவிடலாகாது.

5. கடித்த நாயை உடனே அடித்துக் கொல்லலாகாது. பாதுகாப்பாகக் கட்டக்கூடியதாயின் கட்டிவைத்து 14 நாள் அவதானிக்க. அந்நாட்களில் அது நோயுற்றாலோ, இறந்தாலோ, காணாமற்போனாலோ உடனே வைத்தியருக்கு அறிவிக்க. நாயை அவதானிப்பதற்காக வைத்தியசாலைக்குச் செல்வதைப் பிற்போடுதல் கூடாது.

6. இறந்த நாயை வெறுங்கையால் தொடலாகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தால், அதன் தலையைக் கொழும்பிலுள்ள வைத்திய ஆராய்ச்சி நிலையத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்புவதற்கு வழிகாட்டுவார்.

ஐந்தாவது விதி அயலவர் உறவோடும் தொடர்புடையது. கடித்த நாய் எவருடையது என்று தெரிந்து, அது தடுப்பூசி பெற்றது என்பதும் தெரிந்தால் வைத்தியருக்கு அது பெருந்துணை. பகைகொண்ட அயலவர் தம் நாய் கடித்ததை மறைப்பார். நல்லுறவுடையவர் ஊசி அட்டையை எடுத்துக்கொண்டு தாமே வைத்தியசாலைக்கு வருவார்.

முறையீடு செய்யும் வழிகள்

பேச்சினால் தீராதவற்றுக்கே சட்டம். முன்னாளில் இத்தகைய வழக்குகளை விதானையார் விசாரித்துத் தீர்ப்பது வழக்கமாயிருந்தது. 1963 ஆம் ஆண்டில் அப்பதவி ஒழிக்கப்பட்டது. இன்று கிராம உத்தியோகத்தரிடம் முறையிடலாம். அவர் இருதரப்பாரையும் அழைத்துப் பேசுவார். அங்கும் தீராவிடின் மத்தியஸ்த சபை உண்டு. 1988 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட இச்சபைகளில் வழக்கறிஞர் இன்றியே இருதரப்பாரும் நேரிற் பேசி இணக்கங் காணலாம். கொப்பியிற் குறித்துவைத்த திகதிகளும் அளவுகளும் இங்கே பெரிதும் உதவும்.

நாய்களைப் பதிவுசெய்தற்கு 1901 ஆம் ஆண்டிலும், விசர்நோயைத் தடுத்தற்கு 1893 ஆம் ஆண்டிலும் கட்டளைச் சட்டங்கள் ஆக்கப்பட்டன. உள்ளூராட்சி மன்றங்களுக்கு இவ்விடயத்திற் கடமைகள் உண்டு. உரிமையாளர் இல்லாது கூட்டமாகத் திரியும் நாய்களைப் பற்றிப் பிரதேச சபைக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அலைநாய்களைக் கொன்றொழிக்கும் பழைய முறை 2006 ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையுமே வழிகளாகக் கொள்ளப்பட்டன. மேலும், நம் நாட்டில் வழங்கும் உரோமன் ஒல்லாந்துச் சட்டம், வளர்ப்புப் பிராணியால் பிறர் அடைந்த நட்டத்துக்கு அதன் உரிமையாளரிடம் ஈடு கேட்கும் உரிமையையும் அளிக்கின்றது. இவ்வுரிமை இருப்பதை அறிந்துவைத்தல் நன்று. அதனைப் பாவிக்க நேராமலிருப்பது அதனினும் நன்று.

ஊர் கூடிச் செய்யக்கூடியவை

ஒரு வீட்டார் மாத்திரம் நாயைக் கட்டுவதாற் பயன் சிறிதே. போகத்துக்கு முன்னர் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் வேலியடைப்பு, கட்டாக்காலி மாடு என்பன பேசப்படுவது வழக்கம். அதே கூட்டத்தில் நாய்களைப் பற்றியும் ஒரு முடிவு எடுக்கலாம். நாற்றுமேடைக் காலத்தில் இரவிற் கட்டிவைத்தல், வேலியடைப்பை ஒரே கிழமையில் முடித்தல், நாய்களுக்கெல்லாம் ஒரே நாளில் ஊசி ஏற்றுதல் ஆகிய மூன்றும் போதும். கமக்காரர் அமைப்பு முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், சுகாதாரப் பகுதியார் ஊருக்கு வந்து தடுப்பூசி ஏற்றுவதற்கு ஒழுங்கு செய்யலாம். வாசிகசாலை முற்றமோ கமநல சேவை நிலையமோ அதற்கு ஏற்ற இடமாகும். உலக விசர்நோய்த் தடுப்புத் தினமாகிய செத்தெம்பர் 28 பெரும்போகத்துக்கு ஆயத்தமாகும் காலத்தில் வருவதால், அத்தினத்தையொட்டி இவ்வேலையைச் செய்தல் நினைவிற்கும் எளிது.

தொடக்கத்திற் கூறிய இரு கமக்காரரையும் மீண்டும் எண்ணிப் பார்ப்போம். நாற்றிழந்தவர் அன்று மாலை வேலியைச் சுற்றிப் பார்க்கிறார். பொட்டு தம் பங்கு வேலியிலேயே இருப்பதைக் காண்கிறார். மேடையோரத்திற் புதையாது கிடந்த மீன்கழிவையும் காண்கிறார். மறுநாட் பேசச் செல்லும்போது அவர் குரலில் முதல்நாட் காலையில் இருந்த சூடு இராது. நாய்க்காரரும் சரிந்த மேடையைப் பார்த்தபின், தம் மேடையில் எஞ்சிய நாற்றைத் தர ஒப்புவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வேலியின் இருபுறமும் நின்று கருக்குமட்டை வரிவர். நாய் ஓடுகம்பியிற் கட்டப்பட்டிருக்கும். அதன் ஊசி அட்டை வீட்டு முகட்டிற் செருகப்பட்டிருக்கும். நட்ட மிளகாய் ஒரு கிழமை பிந்திக் காய்க்கும். அவ்வளவே அவர் அடைந்த நட்டம்.

நாயின் குற்றம் அதனை வளர்ப்பவரின் கவனக்குறைவு. பயிரின் அழிவு பலவேளைகளில் வேலியின் கவனக்குறைவு. இவ்விரண்டையும் இருவரும் ஒப்புக்கொண்டால் தோட்டமும் பிழைக்கும், நாயும் பிழைக்கும், அயலும் பிழைக்கும். வருகின்ற போகத்துக்கு விதை தேடும் நாளிலேயே வேலியையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பீர்களாக.